பொருளைக் கடைசியில் தேடுவோம்: ஒரு ஸ்காட்லாந்துப் பாரிஷின் இடப்பெயர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரையின் திருத்திய வடிவம். திரையில் காட்டிய நிலப்படங்களுக்கான விளக்கங்களும் இடையிடையே எழுந்த கேள்விகளும் இங்கே விடப்பட்டுள்ளன.)



இடப்பெயர் ஆய்வு என்றதும் நம் நினைவுக்கு வருவது ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்'. அந்த நூலின் சுவையில் வளர்ந்தவர்கள் நாம். ஆகவே புதிதாக ஓர் ஊர்ப்பெயர் காதில் விழுந்தால் "இதற்கு என்ன பொருள்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். அது நல்ல கேள்வி. ஆனால் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஓர் இடப்பெயரைப் பதிவு செய்யப் போகிறவர் முதலில் பிடிக்க வேண்டியவை மூன்று: அந்தப் பெயரைச் சொல்லும் குரல், அந்தப் பெயர் நிற்கும் இடம், அதைச் சொன்ன ஆள். மூன்றும் கைக்கு வந்த பிறகு பொருள் தேடலாம். அவை இல்லாமல் கிடைக்கும் பொருள் பெரும்பாலும் தேடுபவரின் கற்பனையாகவே இருக்கிறது.

இதைக் காட்ட நான் எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, அபர்டீன்ஷயரின் மேற்குக் கோடியில் இருக்கும் கிராத்தி – பிரேமார் என்னும் பாரிஷ். டீ என்னும் ஆறு பிறக்கும் மலைநாடு அது. பிரேரியாக் மலைமேட்டில் ஏறத்தாழ 1,220 மீட்டர் உயரத்தில் ஊற்றெடுத்து, பிரேமாரையும் பால்மோரல் மாளிகையையும் கடந்து, அபர்டீன் நகரில் அந்த ஆறு கடலில் சேர்கிறது. பாரிஷின் பெரும்பகுதி ஆளில்லாத மலை. சாலையில் போகிறவர் கண்ணுக்கு ஹெதர் புதரும் பாறையும் மானும் மட்டுமே தெரியும். ஆனால் பெயர்கள் அடர்ந்து கிடக்கும் நிலம் அது. ஆடம் வாட்சனும் எலிசபெத் ஆலனும் 1984இல் வெளியிட்ட 'மேல் டீசைடின் இடப்பெயர்கள்' என்னும் நூலில் இந்தப் பாரிஷும் இதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 7,000 பெயர்கள் உள்ளன. அரசு நிலப்படத்தில் ஏறியவை அவற்றில் ஒரு பகுதியே.

1. பாரிஷ் என்ற அளவு

பாரிஷ் என்பதை நெல்லைக் கிறிஸ்தவர்கள் சேகரம் என்பார்கள். கத்தோலிக்கர் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது தேவாலய எல்லையாகத் தொடங்கி, பிறகு ஆட்சி எல்லையாகவும் ஆயிற்று. ஏழைகளுக்கு உதவி, பள்ளிக்கூடம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் பாரிஷ் வழியாகவே நடந்தன. பாரிஷ் மன்றங்கள் 1930இல் கலைக்கப்பட்ட பிறகும் ஆவணங்களைத் தேடுகிறவர் பாரிஷ் பெயரைக் கொண்டே தேட வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கு இந்த அளவு பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலைநாட்டுப் பாரிஷின் எல்லை பெரும்பாலும் நீர்பிரி முகட்டை ஒட்டியே ஓடும். மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கத்தாருக்குத்தான் அந்தச் சரிவின் மேய்ச்சல். மேய்த்தவர்தான் ஒவ்வொரு மடிப்புக்கும் பெயர் வைத்தார். ஆகவே ஒரு பாரிஷுக்குள் நின்று வேலை செய்தால், ஒரே மக்கள் கூட்டம் ஒரே நிலத்தை எப்படிப் பிரித்துப் பார்த்தது என்பதை முழுமையாகக் காண முடியும். நாடு முழுவதற்குமான அகராதியில் 'குன்று' என்று பொருள்படும் சொற்கள் ஒரு பட்டியலாக நிற்கும். பாரிஷில் அவை ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்கும். 'பெயின்' எங்கே முடிகிறது, 'கார்ன்' எங்கே தொடங்குகிறது, 'க்ரோக்' எது, 'டோம்' எது என்பதை நடந்து பார்த்தே சொல்ல முடியும். மலைநாட்டாரின் கெல்ட்டிய மொழியான கேலிக்கில் இவை நான்கும் மேடுகள்தாம். எந்த மேட்டுக்கு எந்தச் சொல் என்பதை அந்தந்த ஊரார் தீர்மானித்திருக்கிறார்கள்.

2. காகிதம் காத்தவை, காகிதம் விட்டவை

ஸ்காட்லாந்தைப் போல் நிலப்படங்களைக் காத்து வைத்திருக்கும் நாடுகள் சிலவே. டிமதி போன்ட் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடு முழுவதும் நடந்து வரைந்த படங்களில் 77 இன்றும் எடின்பரோ தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவரது உழைப்பை அடிப்படையாகக் கொண்டே 1654இல் ஆம்ஸ்டர்டாமில் யோவான் பிளாவ் தன் அட்லஸின் ஸ்காட்லாந்துத் தொகுதியை அச்சிட்டார். 1745–46 யாக்கோபைட் கிளர்ச்சி அடக்கப்பட்டதும், மலைநாட்டுக்குள் படை நடத்த வழி தெரிய வேண்டும் என்று இராணுவம் நில அளவையில் இறங்கியது. 1747 முதல் 1755 வரை வில்லியம் ராய் முன்னின்று நடத்திய அந்த அளவையில் மலைகள் அழகாகத் தீட்டப்பட்டுள்ளன. பெயர்கள் மட்டும் கேலிக் அறியாத காதுகள் கேட்டு எழுதியவை.

1790களில் சர் ஜான் சின்கிளேர் ஒவ்வொரு பாரிஷ் போதகருக்கும் 160 கேள்விகள் அனுப்பினார். 900க்கும் மேற்பட்ட பாரிஷ்களிலிருந்து பதில் வந்தது. 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அச்சாயிற்று. பயிர், விலைவாசி, நோய், மக்கள்தொகை எனப் போதகர்கள் எழுதியவை இன்றும் பொன்போன்ற சான்றுகள். ஆனால் சின்கிளேரின் பட்டியலில் தொடக்கக் கேள்விகளே பாரிஷின் பெயரும் அதன் சொற்பிறப்பும்தான். கற்ற போதகர்கள் பலர் அந்தக் கேள்விக்குத் துணிச்சலாகப் பதில் எழுதினார்கள். தம் பாரிஷில் எத்தனை மாடு என்பதை எண்ணிப் பார்த்து எழுதியவர்கள், பெயரின் பொருளை மட்டும் எண்ணாமல் எழுதினார்கள். அந்த ஊகங்கள் இருநூறு ஆண்டுகளாகக் கையேடுகளிலும் சுற்றுலாப் பலகைகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. பொருளை முதலில் கேட்டதன் விளைவு அது.

நான் பெரிதும் மதிக்கும் ஆவணம் பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்டினன்ஸ் சர்வேயின் பெயர்ப் புத்தகங்கள். அபர்டீன்ஷயருக்கானவை 1865க்கும் 1871க்கும் இடையில் எழுதப்பட்டன. ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பத்திகள்: படத்தில் எழுதப்போகும் வடிவம், வழக்கிலுள்ள பல எழுத்து வடிவங்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் சான்று கூறியவர், இடத்தின் அமைவு, விளக்கக் குறிப்பு. இதில் மூன்றாவது பத்தியைக் கவனியுங்கள். யார் சொன்னார் என்பதற்கென்று ஒரு பத்தி. ஓர் அரசு அலுவலகம் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படி ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தது பெரிய காரியம். அந்தப் பத்தியில் யார் இடம்பெற்றார்கள், யார் இடம்பெறவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

காகிதம் விட்டவை எவை? வயல்களின் பெயர்கள் ஏறத்தாழ முழுவதும். ஆற்று மடுக்களின் பெயர்கள் பெரும்பாலும். வழியில் இளைப்பாறும் கல், மாடு நீர் குடிக்கும் சுனை, ஆடு புதைந்து போகும் சதுப்பு, பனி கடைசியாக உருகும் பள்ளம். அளவைக்காரருக்கு இவை சிறியவை. அங்கே பிழைப்பவருக்கோ நாள்தோறும் நாவில் வருபவை இவைதான்.

3. குரல்

தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. ஆகவே அழுத்தம் என்ற ஒன்றை நாம் காதில் வாங்குவதே இல்லை. ஸ்காட்லாந்து இடப்பெயர்களில் அழுத்தம்தான் முதல் சான்று. அபர்டீன் என்பதை அந்நாட்டார் 'டீன்' என்ற இடத்தில் அழுத்துவார்கள். இன்வர்னெஸ்ஸில் 'னெஸ்', பால்மோரலில் 'மோ', பிரேமாரில் 'மார்'. காரணம் எளிது. கெல்ட்டிய மொழிகளில் 'முகத்துவாரம்', 'ஊர்', 'மலை' போன்ற பொதுச்சொல் முன்னே வரும். இன்ன முகத்துவாரம், இன்ன ஊர் என்று சிறப்பிக்கும் சொல் பின்னே வரும். அழுத்தம் சிறப்பிக்கும் சொல்லின்மேல் விழும். ஸ்காண்டிநேவியரின் நார்ஸ் மொழியும் ஆங்கிலமும் நம்மைப்போலச் சிறப்புச் சொல்லை முன்னே வைப்பவை. புதுக்கோட்டையில் 'புது' முன்னே நிற்பதைப் போல. ஆகவே லூயிஸ் தீவில் நார்ஸ்காரர் பெயரிட்ட ஸ்டோர்னவேயில் முதலசை அழுந்துகிறது. எழுத்தில் இது எதுவும் தெரியாது. ஊர்க்காரர் ஒருமுறை வாய் திறந்து சொன்னால், எந்த மொழியார் வைத்த பெயர் என்பதில் பாதி விளங்கிவிடும்.

இந்தப் பாரிஷின் புகழ்பெற்ற மலை லொக்நகார், 1,155 மீட்டர். தமிழர் யாரும் அதன் எழுத்தைப் பார்த்ததும் 'நகர்' என்று படிப்பார்கள். அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேலிக்கில் 'லொக்கன் ந காரெ', அதாவது இரைச்சலுடைய சிறு ஏரி என்று வாட்சனும் ஆலனும் விளக்குகிறார்கள். மலையின் வடகிழக்குக் குடைவில் கிடக்கும் ஏரியின் பெயர் அது. அதே பாரிஷில் ஓடும் டீ ஆற்றின் பெயரைப் பாருங்கள். அறிஞர்கள் அதை 'தேவா' என்ற பழைய வடிவத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பெண்தெய்வம் என்று பொருள். வடமொழியின் 'தேவ' என்ற சொல்லுக்கு அது உண்மையாகவே உறவு. இரண்டு பெயர்கள், ஒன்றில் நம் காதுக்குப் பட்ட உறவு பொய், மற்றொன்றில் நம் காதுக்கு எட்டாத உறவு மெய். ஒலி ஒப்புமையை நம்பிப் பொருள் சொல்லப் புகுந்தால் இரண்டிலும் தவறுவோம். பழைய வடிவங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, அவற்றோடு இன்று வாழும் உச்சரிப்பை வைத்துப் பார்த்தால்தான் வழி தெரியும்.

டீ ஆற்றுப் பள்ளத்தாக்கான டீசைடின் பேச்சைக் கேட்டு எழுதியவர்களில் பிரான்சிஸ் டயாக் முன்னோடி. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் கேலிக் பேசியவர்களைத் தேடிப் போய், அவர்கள் நாவில் பெயர்கள் எப்படி வந்தனவோ அப்படியே குறித்தார். அப்போதே நேரம் குறைவாக இருந்தது. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக்கிற்கு ஓர் இடமும் தரவில்லை. பள்ளியில் மொழி மாறியது, அடுத்த தலைமுறையில் வீட்டிலும் மாறியது. எடின்பரோ பல்கலைக்கழகம் 1951இல் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியை நிறுவி, ஒலிப்பதிவுக் கருவியோடு ஆட்களை ஊர் ஊராக அனுப்பியது. அந்த ஒலிநாடாக்களில் பெருந்தொகை இன்று இணையத்தில் யாரும் கேட்கும்படி கிடைக்கிறது. வாட்சனும் ஆலனும் தங்கள் நூலில் பெயர்களுக்கு உள்ளூர் உச்சரிப்பையும் தந்தார்கள். அந்த நூல் வெளிவந்த 1984ஆம் ஆண்டிலேயே டீசைடு கேலிக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி காலமானார்.

4. இடம்

லொக்நகார் என்பது ஏரியின் பெயர் என்று சொன்னேன். மலைக்கு அப்போது என்ன பெயர்? 'பெயின் நன் கீகன்', முலைகளின் மலை. அதன் இரு துணைச் சிகரங்கள் இன்றும் மீக்கிள் பாப், லிட்டில் பாப் என்று, ஆங்கிலத்தின் உறவுமொழியான ஸ்காட்ஸும் ஆங்கிலமும் கலந்த வடிவில் அதே உருவகத்தைச் சுமந்து நிற்கின்றன. ஏரியின் பெயர் ஏறி மலையை மூடிவிட்டது. கவிஞர் பைரன் 1807இல் அந்த மலையைப் பாடிய பிறகு பழைய பெயர் திரும்ப வழியே இல்லாமல் போயிற்று. கெய்ர்ன்கார்ம் மலைத்தொடருக்கும் இதே கதைதான். கேலிக் பேசியவர்கள் அந்தத் தொடர் முழுவதையும் 'அம் மொனக் ரூவக்', செம்மலை என்றார்கள். ஒரு தனிச் சிகரத்தின் பெயரான 'கார்ன் கோரம்' வெளியார் வாயில் தொடர் முழுவதற்கும் ஆகிவிட்டது. செம்மலை நீலமலை ஆயிற்று.

ஆகவே பெயரைக் கேட்டுவிட்டால் போதாது. அது எதன் பெயர், எங்கிருந்து எதுவரை என்று கேட்க வேண்டும். பிரிட்டன் தேசியக் கட்டத்தில் ஆறு இலக்கக் குறியீடு 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும். எட்டு இலக்கம் 10 மீட்டர் சதுரத்தைக் காட்டும். ஒரு சுனைக்கு எட்டு இலக்கம் வேண்டும். ஒரு சரிவுக்கு ஒற்றைப் புள்ளி போதாது. அதன் விளிம்பை நடந்து வரைய வேண்டும். கேலிக்கில் 'ஸ்ரோன்' என்றால் மூக்கு. மலையிலிருந்து நீண்டு வரும் முனைக்கு அந்தப் பெயர். கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால்தான் அது மூக்காகத் தெரியும். மேலே போய் நின்றால் வெறும் சமதரை. 'பெயின் அ வூர்ட்ஜ்', மேசை மலை, 1,197 மீட்டர். தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் அதன் தட்டையான முடி ஒரே கோடாகத் தெரிகிறது. பெயர் வைத்தவர் எங்கே நின்று பார்த்தார் என்பதும் பதிவில் சேர வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் ஒரு வீட்டு வாசல், அல்லது மாடு ஓட்டிப் போகும் பாதை.

நிறப்பெயர்களுக்குப் பருவமும் வேண்டும். கேலிக்கில் 'கோரம்' நீலத்தையும் பசும்புல்லின் செழுமையையும் சேர்த்துக் குறிக்கும், 'கிளாஸ்' பச்சையும் சாம்பலும் கலந்தது, 'ஓவர்' மங்கிய பழுப்பு, 'ரியாவக்' வரிவரியானது. கோடையில் போய்ப் பார்த்துவிட்டு "இந்தச் சரிவு பழுப்பாக இல்லையே" என்று எழுதிவிடக் கூடாது. பனி உருகி, புதுப்புல் முளைக்காத வசந்தத் தொடக்கத்தில் அது பழுப்பு. மேய்ச்சல்காரருக்கு அந்த நாட்களில்தான் அந்த நிறம் முக்கியம். எங்கே புல் முந்தி வரும் என்பதை அவர் அதைக் கொண்டே கணக்கிட்டார்.

பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் பண்ணைகளில் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேளாண் சீர்திருத்தம் வந்து, பலரும் கலந்து உழுத கீற்று வயல்கள் அழிந்தன. வேலியிட்ட வயல்கள் தோன்றின. அந்த வயலை ஸ்காட்ஸ் மொழியில் 'பார்க்' என்பார்கள். உலாவும் பூங்கா அன்று. கிணற்றுப் பார்க், வைக்கோற்போர்ப் பார்க் என்ற வகைப் பெயர்கள். இவை நிலப்படத்தில் இல்லை. அரசுக்குப் போகும் விவசாய மானிய விண்ணப்பம் வயலை எண்ணால் அறிகிறது. இயந்திரத்துக்கு வசதியாக இரண்டு வயல்களுக்கு நடுவேயுள்ள வேலியை எடுத்துவிட்டால், அடுத்த தலைமுறையில் ஒரு பெயர் குறைந்துவிடும். மலைப்பெயர்களைத் தேடி அறிஞர்கள் வருகிறார்கள். வயற்பெயரைக் கேட்க யாரும் வருவதில்லை. என் மதிப்பீட்டில் இன்று மிக அவசரமான வேலை இந்த வயற்பெயர்களே.

நடந்து பதிவு செய்பவருக்கு ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல வசதி உண்டு. 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம் என்ற உரிமையை உறுதி செய்தது. எஸ்டேட் உரிமையாளரின் அனுமதிக்காகக் காத்திராமல் மலையேறலாம். ஆனால் கதவைத் தட்டிக் கேட்காமல் பெயர் கிடைக்காது.

5. ஆள்

இப்போது பெயர்ப் புத்தகத்தின் மூன்றாவது பத்திக்கு வருகிறேன். அங்கே சான்று கூறியவர்களாக எஸ்டேட் உரிமையாளர்கள், அவர்களது காரியஸ்தர்கள், போதகர்கள், பள்ளி ஆசிரியர்கள், பெரிய குத்தகைக்காரர்கள், தலைமை வேட்டைக் காவலர்கள் ஆகியோரைக் காண்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்டினன்ஸ் சர்வே தன் களப்பணியாளருக்கு அச்சிட்டுக் கொடுத்த அறிவுறுத்தல் இந்த மனப்போக்கை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. எஸ்டேட்டில் உள்ள பெயர்களுக்கு உரிமையாளரே சிறந்த சான்று. சிறு விவசாயிகளையும் குடிசைவாசிகளையும் அவர்கள் வாழும் இடத்தின் பெயருக்குக்கூட நம்ப வேண்டாம், அதிலும் எழுத்து வடிவத்துக்கு நம்பவே வேண்டாம் என்பது அதன் சாரம். தான் குடியிருக்கும் மண்ணின் பெயரைச் சொல்ல ஒருவருக்குத் தகுதியில்லை என்று ஓர் அரசு எழுதி வைத்தது. இதை அநீதி என்றே நான் சொல்வேன். ஆய்வு நோக்கில் பார்த்தாலும் பெரிய பிழை.

அந்தப் பத்தியில் பெண்கள் அரிது. மலைநாட்டில் கோடைதோறும் மாடுகளை உயர்ந்த புல்வெளிகளுக்கு ஓட்டிப் போய், அங்கே சிறு குடில்களில் தங்கிப் பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் இளையோருமே. அந்தக் குடில் மேய்ச்சலைக் கேலிக்கில் 'ஆரி' என்றும், மலைச்சரிவிலுள்ளதை 'ருயி' என்றும் வழங்கினார்கள். மலையின் ஒவ்வொரு ஊற்றும் அவர்களுக்குத் தெரியும். பதிவேட்டிலோ ஊற்றின் பெயருக்குக் காரியஸ்தர் சான்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் அந்தப் புல்வெளிகள் செம்மறிப் பண்ணைகளாகவும், பிறகு மான்வேட்டைக் காடுகளாகவும் மாறின; குடில்கள் இடிந்து புல் மூடிய திட்டுகளாயின. வந்து பார்க்கும் பயணி 'மனிதர் கைபடாத இயற்கை' என்கிறார். அந்தத் திட்டைச் சுட்டி நிற்கும் பெயரோ அங்கே பால் கறந்தவர்களைச் சொல்கிறது.

ஆளைப் பதிவு செய்தால் இன்னொன்றும் விளங்கும். பிரேரியாக்கிற்குத் தெற்கே ஒரு கூர்த்த சிகரம் உண்டு. கேலிக்கில் அதற்குப் பேயின் ஆண்குறி என்று பெயர். ஆங்கிலப் படத்தில் அது 'டெவில்ஸ் பாயிண்ட்', பேயின் முனை. விக்டோரியா அரசி பொருள் கேட்டபோது அவரது பணியாளர் ஜான் பிரவுன் இப்படி மாற்றிச் சொன்னார் என்று அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்று வகுத்த மரபு அங்கே வேலை செய்திருக்கிறது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல்பவர் பெயரை மாற்றுகிறார். ஆகவே யார் சொன்னார் என்பதோடு, யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதியாக வேண்டும். அரச குடும்பம் 1852இல் பால்மோரலை வாங்கிய பிறகு சுற்றியுள்ள குன்றுகளில் நினைவுக் கற்குவைகள் எழுந்தன; வாங்கியதன் நினைவாக ஒன்று, 1862இல் அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் நினைவாகப் பிரமிடு வடிவில் ஒன்று. இவையும் இடப்பெயர்கள்தாம். பழையவை மட்டுமே தூயவை என்று எண்ணிப் புதியவற்றை விட்டுவிடுகிறவர் அரைப் பதிவே செய்கிறார்.

6. அதன்பிறகு பொருள்

இவ்வளவும் செய்தபின் பொருளுக்கு வருவோம். பிரேமாருக்குத் தெற்கே 'கார்ன் அன் டூர்க்' என்று 1,019 மீட்டர் உயரக் குன்று ஒன்று உண்டு: காட்டுப்பன்றியின் குன்று. காட்டுப்பன்றி பிரிட்டனிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன விலங்கு. இந்தப் பெயரைப் பார்த்ததும் சூழலியலாளர் "இங்கே பன்றி வாழ்ந்தது" என்று எழுத விரும்புவார். ஆனால் அதற்கும் தெற்கே கிளென்ஷீ என்னும் பள்ளத்தாக்கில் டியர்மட் என்ற வீரன் பன்றி வேட்டையாடி மாண்ட பழங்கதை ஒரு மலையோடு பிணைந்து கிடக்கிறது. குன்றின் பெயர் விலங்கைச் சொல்கிறதா, கதையைச் சொல்கிறதா, பன்றி முதுகு போன்ற வடிவத்தைச் சொல்கிறதா? அகராதி இதற்குப் பதில் சொல்லாது. ஊரார் அந்தப் பெயரோடு சேர்த்து என்ன சொன்னார்கள், எங்கே நின்று சொன்னார்கள் என்ற குறிப்பு இருந்தால் முடிவுக்கு வழி உண்டு. இல்லாவிட்டால் மூன்றையும் எழுதி வைத்து நிறுத்திக்கொள்வதே நேர்மை.

மரப்பெயர்களில் நிலைமை இதைவிட உறுதியானது. பிர்ச், ரோவன், ஆல்டர், பைன் ஆகியவற்றின் கேலிக் பெயர்கள் இன்று ஒரு மரமும் இல்லாத ஓடைகளிலும் சரிவுகளிலும் நிற்கின்றன. 1995இல் இந்தப் பாரிஷிலுள்ள மார் லாட்ஜ் எஸ்டேட்டை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கி, மான்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பைன் காடு தானே மீண்டெழ வழி செய்துவருகிறது. எந்தச் சரிவில் என்ன மரம் இருந்தது என்று கேட்பவருக்குப் பெயர்ப் பதிவேடு உதவும். மொழி ஆய்வுக்கு வெளியே இடப்பெயருக்கு இதைவிட நேரடியான பயன் வேறில்லை.

7. லூயிஸ் தீவும் மெட்ராஸும்

ஒரு சிறு விலகல். ஆனால் இந்த அவைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில் ஸ்டோர்னவேயில் 1754இல் பிறந்தவர் காலின் மெக்கன்சி. 1783இல் மெட்ராஸுக்கு வந்தார், 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821இல் காலமானார். நில அளவையோடு நிற்காமல் ஊர் ஊராகக் கல்வெட்டு, ஓலைச்சுவடி, கைபீது எனப்படும் ஊர் வரலாறு ஆகியவற்றைத் திரட்டினார். அவருக்கு நம் மொழிகள் தெரியாது. வேலை செய்தவர்கள் காவலி வெங்கட பொரையா, அவர் தம்பி லட்சுமையா முதலிய நம்மவர்கள். மெக்கன்சி தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. பொரையாவின் பெயரும் லட்சுமையாவின் பெயரும் பதிவில் நின்றதால்தான் அந்தச் சுவடிகளை எப்படி வாசிப்பது என்று நமக்குத் தெரிகிறது.

அதே லூயிஸ் தீவின் வடபகுதிப் பீட் சதுப்பில் 2004இல் 234 காற்றாலைகள் நிறுவத் திட்டம் வந்தது. வெறும் தரிசு என்று பேசப்பட்ட அந்தச் சதுப்புக்கு எவ்வளவு சொற்கள், எவ்வளவு பெயர்கள் இருக்கின்றன என்று காட்ட ஊர்க்காரர்களே சொற்பட்டியல் தொகுத்தார்கள். 2008இல் ஸ்காட்லாந்து அரசு திட்டத்தை மறுத்தது. சட்டப்படி சொன்ன காரணம் பறவைப் பாதுகாப்பு, பெயர்கள் அன்று. எனினும் அந்தச் சொற்பட்டியல் நின்றது. அந்தச் சதுப்பைத் தரிசு என்று இனி யாரும் எளிதில் எழுத முடியாது.

இனி நம் நாட்டுக்குத் திரும்பி, ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாராவது இடப்பெயர்களைப் பதியும் வேலையில் இறங்கினால் ஒரே ஒரு வருவாய்க் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மாவட்டத்தை எடுக்காதீர்கள். ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, வயல், மடை, மடு, பொற்றை, களத்துமேடு, இடுகாட்டுப் பாதை இவற்றின் பெயர்களைக் கேளுங்கள். பட்டாவில் பெயர் இருப்பவரிடம் மட்டும் கேட்காமல், அந்த வயலில் நாற்று நட்டவரிடமும் ஆடு மேய்த்தவரிடமும் கேளுங்கள். அவர் குரலை அவர் ஒப்புதலோடு பதியுங்கள். அவரோடு நடந்து போய் இடத்தைக் குறியுங்கள். அவர் விரும்பினால் அவர் பெயரை முழுமையாக எழுதுங்கள். 'பொருள்' என்ற பத்தியை அட்டவணையின் கடைசியில் வைத்து, முதல் ஓராண்டுக்கு வெறுமையாக விடுங்கள். பணி முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி கொடுப்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு படி கொடுத்துவிட்டு வாருங்கள்.